தேயாமல் ஓடணுமாம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதறது. இங்கே மூணு பேரும் சுகம், அப்பாவோட முட்டி வலியைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருப்பேன்னு நம்பறேன், அவ்வளவு தூரத்துல இருக்கிறவனை நம்பத்தான் முடியும்.

உன் தங்கச்சி ஓடின கதையை போன்ல அரைகுறையாச் சொன்னேன், இப்ப முழுசாக் கேளு. ஆறு ஊர் சேர்ந்து நடத்தற விளையாட்டு விழா இந்தத் தடவை நம்ம ஊருக்கு வந்துதா, ஸ்டேடியத்துல செக்கச்செவேல்னு புது ஓடுதளம் போட்டாங்க. இவளும் கூட ஓடற பொண்ணுங்களும் பஸ் டிப்போ பின்னாடி லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகறவங்க, போட்டிக்கு முன்னாடி ஒரு நாளாவது இதுல ஓடிப் பார்க்கிறோம்னு கேட்டதுக்கு, அழுக்காயிடும்மா, விழா வரைக்கும் புதுசா இருக்கட்டும்னுட்டார் ஸ்டேடியம் அதிகாரி. சில வீட்டுல சோபாவை பிளாஸ்டிக் உறையோடவே வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி.

பத்து மணிக்கு ஓட்டம்னு உடம்பைச் சூடு பண்ணிட்டு நின்னாங்க. தலைமை விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. அதுவரைக்கும் பிள்ளைங்க கையில கொடியைக் கொடுத்து வெயில்ல வரிசையா நிறுத்திட்டாங்க. வந்தவர், இளைஞர்கள்தான் நாட்டின் தூண்கள்னு முக்கால் மணி நேரம் பேசினார். தூணுன்னுதான் நிக்க வெச்சிருக்காங்க போலன்னு அப்பா சத்தமாவே சொல்லி என்கிட்ட கிள்ளு வாங்கினார். ஒருவழியா எண்ணூறு மீட்டர் தொடங்கிச்சு. ஓடி என்னத்தைக் கண்டா, தையலாவது கத்துக்கட்டும்னு மூணு வருஷமா முனகின மனுஷன், கடைசி வளைவுல இவ ரெண்டு பேரை முந்தினதும் நாற்காலி மேல ஏறிக் கத்தினார், முட்டி வலி எங்கே போச்சோ. ரெண்டாவதா வந்தா. முதல்ல வந்த பக்கத்து ஊர்ப் பொண்ணைத் துரத்தின துரத்தல்ல, தன் பழைய நேரத்துல ஏழு செகண்ட் குறைச்சிருக்கா. லாரியைத் துரத்தினா இது வருமா சொல்லு. மெடல் போட்டோவுல விருந்தினர் முகம் முழுசா இருக்கு, நம்மவளோட காது மட்டும் தெரியுது.

அப்புறம்தான் கூத்து. மறுநாளே ஸ்டேடியம் கேட்டுக்குப் பூட்டு. இளம் வீரர்களின் பொற்காலம்னு வெளியில பலகை, உள்ளே போகத்தான் வழியில்லை. இவ ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. ஜெயிச்ச அந்தப் பொண்ணுதான் போன்ல, எங்க ஊர்லயும் இப்படித்தான் பூட்டினாங்க, அம்மாங்க போய் உட்கார்ந்ததும் திறந்தாங்கன்னு யோசனை சொன்னா. ஆஸ்பத்திரி சீட்டு கவுண்டர் வேலைக்கு மூணு நாள் லீவு போட்டுட்டு, பதினோரு அம்மாங்களோட போய் அதிகாரி ரூம் வாசல் பெஞ்சுல உட்கார்ந்தேன். சும்மா இருப்பானேன்னு பீன்ஸ் நறுக்கினோம். மூணாம் நாள் உத்தரவு வந்துச்சு, செவ்வாய், வியாழன் காலைல ஆறிலேர்ந்து ஏழரை வரைக்கும் அனுமதி, நிபந்தனை, ஓடுதளம் தேயாமல் ஓடவும். எப்படிடா, பறக்கணுமா?

இப்ப வாரம் ரெண்டு நாள் போறா. பால் வாங்கிட்டு வரேன்னு அப்பாவும் கூடவே கிளம்பறார், பால் கடை எதிர்த் திசையில இருக்கு.

நோய் நொடி இல்லாம, நினைச்சது கைகூடி, நல்லா இருடா கண்ணா. ஒண்ணு மறக்காதே, ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு போன் பண்ணு. மெடலைப் பத்தி எல்லாரும் கேட்டாச்சு. நீயாவது, எவ்வளவு நேரத்துல ஓடினேன்னு கேளு. அதைச் சொல்லத்தான் காத்துக்கிட்டிருக்கா.

உன்னையே நினைச்சிருக்கும்,
அம்மா