செல்வி கட்டிய சுவர்

12.3.2001, திங்கள்

இந்த வயசில் எழுதப் படித்ததற்கு, இன்று தேதியை யாரிடமும் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். அதில் சந்தோஷம்தான். மற்றபடி மனசு சரியில்லை.

சித்தாளாகச் சாந்து சுமந்த என் மகள் செல்வி, பயிற்சிக்குப் போய்க் கொத்து வேலை படித்தாள். அங்கே சொல்லிக் கொடுத்தது, செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவில் இடம் விட்டுக் கட்டுவது. கல் செலவு குறையும், வெக்கை உள்ளே வராது. இன்று ஒரு புது வீட்டு வேலையில் அவளுடைய முதல் சுவர் இடுப்பளவு எழும்பியது. வீட்டுக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, உள்ள பொந்தால்லா இருக்கு! யாரை ஏமாத்துத? பிரிச்சுப் போடு."

"வெக்கை தாங்கத்தான் அண்ணாச்சி..."

அவர் கேட்கவில்லை. அவளே பிரித்தாள். சாந்து காயாததால் ஒரு கல்லும் உடையவில்லை. அதே கல்லில் வேறு கொத்தனார் கட்ட, அவருக்குச் செல்வி சாந்து சுமந்தாள்.

ராத்திரி தன் கொத்துக்கரண்டிக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றினாள்.

"எதுக்குத் தாயி?"

"சும்மா கிடந்தா துருப் பிடிக்கும்லாப்பா."