தெருவெல்லாம் ஒரே உறை

சித்திரை 22, திங்கள்

நேற்றிலிருந்து கத்திரி. காலையிலேயே மலை வெளுத்துத் தெரிகிறது. காற்று இல்லை.

தயிர் உறையவில்லை. ராத்திரி ஊற்றிய பால் பானையில் அப்படியே பால். அடியில் நூல் நூலாக ஏதோ. புளிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை. மருமகள் செல்வி மோந்து பார்த்தாள். பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் சோதிக்கிற வேலை அவளுக்கு.

"ஒறை கம்மியா ஊத்திட்டீங்களா மாமா?"

இல்லை. எப்போதும் போல ஒரு கரண்டி.

எனக்கு எழுதத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது, திரும்பப் படித்தும் காட்டுகிறது. ரேடியோவில் சேதி சொல்கிறவர் மாதிரி பேசினால்தான் ஒழுங்காக எழுதுகிறது. பேசிப் பழகிவிட்டேன்.

நாளைக்கு: மாட்டுக்கு வைக்கோல். பந்தல் துணி துவைக்க.

சித்திரை 23, செவ்வாய்

இன்றும் பால்தான்.

மாட்டின் மேல் சந்தேகம். மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தது. மருந்து பாலில் இறங்கினால் தயிர்க் கிருமி செத்துவிடும் என்று செல்வி பாலை ஒரு சீசாவில் எடுத்துப் போனாள். சாயங்காலம் வந்து, "பாலு சுத்தம் மாமா. மாட்டு மேல பழி போடாதீங்க" என்றாள். மாட்டுக்கு ஒரு பிடி தவிடு கூடுதல்.

அடுத்த சந்தேகம் வெயில். கரண்டு போய்ப் போய் வருகிறது, சமையலறை அடுப்புக்குள் இருப்பது மாதிரி. சூடு ஜாஸ்தியானாலும் கிருமி சோர்ந்துபோகுமாம். பானையை ஈர மணலில் இறக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. மலை சுற்றுகிறவர்களுக்கு எங்கள் வாசலில் மோர். என் சம்சாரம் ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள், உறை அவளுடையதுதான். கல்யாணமாகி வரும்போது அவள் அம்மா வீட்டிலிருந்து டம்ளரில் துணி கட்டிக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். மயில்கழுத்துச் சேலை. சாலை வளைவில் குலுங்கி என் வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. "ஐயோ, வீணாப் போச்சே" என்றாள். என்னிடம் பேசிய முதல் பேச்சு. வேட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தயிரைச் சொல்லியிருக்கிறாள்.

அன்றிலிருந்து நேற்றைய தயிரில் இன்றைய தயிர். அவள் கை பட்டதில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

அது போய்விட்டால்.

சித்திரை 24, புதன்

உறையவில்லை. மணல் வீண்.

மகன்: "பாக்கெட் தயிர் வாங்கி ஒறை ஊத்திடலாம்பா." செல்வி அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். "அத்தை பேர்ல குடுக்கிற மோருக்குப் பாக்கெட்டா?"

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"வெளக்கு வெச்சப்புறம் ஒறை கேக்கிறீங்களே பெரியப்பா! நான் குடுக்க மாட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிறேன், நீங்களே எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சம்சாரத்திடமும் ஒரு கரண்டி. இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாக.

சித்திரை 25, வியாழன்

இரண்டும் பால்.

மத்தியானம் பச்சையம்மாளே ஓடிவந்தாள். "எங்க வூட்லயும் ஒறையல பெரியப்பா! தெருவுக்கே இன்னா கண்ணு பட்டுச்சோ."

செல்வி வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அவங்களுக்கெல்லாம் ஒறை யாரு குடுத்தது?"

பச்சையம்மாளுக்கு, குடிவந்து பால் காய்ச்சிய அன்று என் சம்சாரம் கொடுத்தது. ஆட்டோக்காரர் சம்சாரத்துக்கு, பிள்ளை பெற்று வந்தபோது. தெருக்கோடி வரை அவள் கொடுத்ததுதான். யாருக்கு எந்தக் கிண்ணத்தில் என்றுகூட எனக்கு ஞாபகம்.

"போச்சுடா. நம்மளுதையே திரும்பி வாங்கினு வந்திருக்கீங்க மாமா."

பிறகு உட்கார்ந்து சொன்னாள். தயிர்க் கிருமியைத் தின்ன ஒன்று இருக்கிறதாம். அதைவிடப் பொடிசு. உள்ளே புகுந்து, பெருகி, வெடித்து வெளியே வருமாம். "ஆனா கண்டதைத் தின்னாது மாமா. ஒரு வகைன்னா அந்த வகை மட்டும்தான்."

"சிறுத்தை ஆட்டைத் தின்னுட்டு மாட்ட வுடற மாதிரியா?"

"வெள்ளாட்டைத் தின்னுட்டுச் செம்மறிய வுடற மாதிரி."

பெரிய பால் பண்ணைகளில் ஆகுமாம். வீட்டில் அவள் பார்த்ததில்லை. வேறு காரணமும் தோன்றவில்லை. வெயிலில் சோர்ந்திருந்த நேரம் பார்த்துப் பிடித்திருக்கும் என்றாள்.

பானை, கரண்டி எல்லாவற்றுக்கும் கொதிநீர். உறைக்கென்று எடுத்துவைத்திருந்த பழைய தயிரைக் கொட்டிவிடச் சொன்னாள். கொட்டினேன். ஒரு டம்ளர் மட்டும் எடுத்து மூடிவைத்தேன். பார்த்தாள்.

வேறு வம்சத்து உறை வேண்டும். எனக்குத் தெரிந்து ஒரே வீடு. அங்கேயா போவது.

சித்திரை 26, வெள்ளி

கீழ்பென்னாத்தூர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை காய்கிறது.

என் தங்கை வீடு. அவளிடம் இருப்பது எங்கள் அம்மா உறை. என் சம்சாரம் வருமுன்பே இவள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேருக்கும் கடைசி வரை தயிரில் ஒத்துப்போகவில்லை. "உங்க தங்கச்சி தயிரு பல்லு கூசுது" என்பாள் அவள். "அண்ணி தயிரு பல்லு இல்லாதவங்களுக்கு ஆவும்" என்பாள் இவள்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அம்மாது இங்க இருக்கும்போது இத்தினி வருஷம் உனக்குக் கண்ணு தெரியல. இப்ப ஓடியாறியா?"

"பேசாம குடுடி."

"அண்ணி இருந்தா வுட்டிருக்குமா உன்னை?"

"விட்டிருக்க மாட்டா."

அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. தூக்கில் நிறைய ஊற்றினாள். "கெட்டியா மூடிக்கோ. வெயில்ல புளிச்சிடும்" என்று துணி வைத்துக் கட்டினாள். சாப்பிட வைத்துத்தான் விட்டாள். முருங்கைக்கீரை, கருவாடு.

சித்திரை 27, சனி

உறைந்துவிட்டது. கெட்டி. கரண்டி நிற்கிறது. செல்வி கை தட்டினாள்.

வாயில் வைத்தேன். புளிப்பு. அம்மா ஞாபகம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல் கூசியது.

ராத்திரிக்குப் பெரிய பானை நிறையப் பால். பந்தல் துணி காய்ந்துவிட்டது. கறிவேப்பிலை, இஞ்சி, உப்பு, பெருங்காயம். எலுமிச்சை விலை கேட்டுத் திரும்பிவிட்டேன்.

சித்திரை 28, ஞாயிறு

டம்ளரைக் கொட்ட மனம் வரவில்லை. செல்வியிடம் கேட்டேன், இதில் எல்லாமே செத்திருக்குமா என்று.

"எல்லாம் சாவாது மாமா. அதுக்குத் தின்ன வராதது ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். அது பெருகினா உண்டு. ஆனா பழைய ருசி வருமான்னு கேக்காதீங்க."

"தங்கச்சிது ஒரு கரண்டி, இது ஒரு கரண்டி, சேர்த்து ஊத்துனா?"

"எதிரியும் சேர்ந்துதான் உள்ள போவும்."

"போனா?"

யோசித்தாள். "செம்மறி நிக்கும். சின்னப் பானைல ஊத்துங்க. பெரிய பானை பக்கமே அதைக் கொண்டுபோவாதீங்க."

ஊற்றினேன். கரண்டியை உடனே வெந்நீரில் போட்டாள்.

சித்திரை 29, திங்கள். பௌர்ணமி

வெயிலிலேயே கூட்டம். வெறுங்கால்கள், சுடுகிறது, குதித்துக்கொண்டே நடக்கிறார்கள். மோர் பெரிய பானையிலிருந்து. மகன் ஊற்ற, பச்சையம்மாள் டம்ளர் கழுவ, நான் உட்கார்ந்து உப்பு பார்க்க.

ஆரணிப் பக்கத்து அம்மா ஒருத்தி இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டு, "போன வருஷம் இவ்ளோ புளிப்பு இல்லியே" என்றாள். போன வருஷத்தை ஞாபகம் வைத்திருக்கிறாள். எனக்கு அதுவே போதும்.

சித்திரை 30, செவ்வாய்

தெரு முழுக்கக் காகிதக் கப். பெருக்குகிறார்கள். முழங்கால் வலி.

சின்னப் பானை உறைந்திருக்கிறது. பெரியது அளவு கெட்டி இல்லை. தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு பாதி. மற்ற பாதி அவளா, ஆசையா, சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தடவை தொட்டு வைத்தேன். அப்போதும் தெரியவில்லை.

பச்சையம்மாள் கிண்ணத்தோடு வந்தாள்.

"பெரிம்மாது எதுல கீது பெரியப்பா?"

"சின்னதுல. ஆனா என் தங்கச்சியும் கீறா அதுல."

"ரெண்டு பேருமா? ஒரே பானைலயா?" வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். "அதுலயே ஊத்துங்க."