இரண்டு கோமதித்தாய்

சங்கரன்கோவில்,
18-9-1988

அன்புள்ள சுந்தரராஜுக்கு,

ஆவுடையப்பன் எழுதுவது. உன் கடிதமும், கோயம்புத்தூரில் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் நம் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கேட்கிற செய்தியும் பத்து நாளைக்கு முன்பே வந்து சேர்ந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்ஸ்டிடியூட்டை ஒரு வாரமாகத் திறக்கவில்லை. டைப் படிக்கிற பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

இங்கே நம் டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இறந்துவிட்டாள். மேலநீலிதநல்லூர் கோமதித்தாய், வயது இருபத்தாறு. காலில் முள் குத்திச் சீழ் வைத்து வந்தவள். அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அதை நானே அவள் கார்டில் பதிந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் திரையில் வந்தது களப்பாகுளத்துக் கோமதித்தாயின் கார்டு. அதில் அந்த இடம் காலியாக இருந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே என்று நர்ஸ் சோதித்துக்கூடப் பார்க்காமல் ஊசியைப் போட்டுவிட்டாள். கால் மணி நேரம்தான்.

ஒரே பேரில் இருவர் இருந்தால் முதலில் பதிந்தவர் கார்டுதான் வரும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கொடுத்த புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்று எழுதியது அது. நானே அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஊரையும் தகப்பன் பேரையும் கேட்டு அடுத்த கார்டைத் தேடி எடுப்பேன். விற்பதென்றால் ஒவ்வொருவருக்கும் தனி நம்பர் வேண்டும், மற்றவர்களுக்குப் புரியும்படி விளக்கம் எழுத வேண்டும், இரண்டு மாதம் பொறு என்று சித்திரையில் உன்னிடம் சொன்னேன். "அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்லே, மொதல்ல அட்டைய அச்சடி" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. விளம்பர அட்டையில் என் பேரைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கோமதி என்ற பேர் தெருவுக்கு நாலு இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புரோகிராமை அப்படியே நான் அனுப்பினேன்.

விற்பனையில் இறங்கியபின் என் இடத்துக்கு, என்னிடம் டைப் படித்த முத்துத்தாயைச் சேர்த்துவிட்டிருந்தேன். பழியை அவள்மேல் போட்டு டாக்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்ன மாதிரிதான சார் பேர அடிச்சேன்" என்றாள். அழவில்லை. ஆமாம் என்றேன். டாக்டரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "இத வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் கேடு. போயிட்டு வாரும்" என்றார்.

நேற்று மேலநீலிதநல்லூர் போனேன். அவள் புருஷன் துரைப்பாண்டி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "பொட்டி தப்பாச் சொல்லிட்டுங்கியரு. பொட்டிக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "அவளுக்குன்னு ஒரு நம்பர் போட ரெண்டு மாசம் ஆவுமாக்கும்" என்றார். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என்னை ஓங்கி ஒரு அடி அடித்திருக்கலாம்.

நாளை போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன். முத்துத்தாய் பேர் அதில் இருக்காது, உன் பேரும் இருக்காது. அதற்குப் பிறகு என்ன ஆகுமோ தெரியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, நாம் விற்ற நான்கு ஆஸ்பத்திரிக்கும் போ. பிளாப்பிகளைத் திருப்பி வாங்கு. கம்ப்யூட்டரில் இருப்பதையும் நின்று அழித்துவிட்டு வா. காரணம் கேட்டால் மறைக்காதே.

தங்கச்சி வள்ளித்தாயைப் பிரசவத்துக்கு அவற்றில் ஒன்றில்தான் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். அவளைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதே. ஊசியோடு வருகிற நர்ஸிடம் அவள் பேரையும், ஊரையும், எது ஒத்துக்கொள்ளாது என்பதையும் உன் வாயாலேயே சொல். எல்லாம் பதிவில் இருக்கிறது என்பார்கள். கேட்காதே, திரும்பச் சொல். தங்கச்சியும் பிள்ளையும் சுகமாக வீடு வந்து சேரட்டும்.

உன்,
ஆவுடையப்பன்