ராணுவ முகாம் விழுந்த வாரம்

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து சாரல். பொரித்து வைத்த வெங்காயம் நமத்துவிட்டது. கடையில் போடும் பர்மா நூடுல்ஸ் அத்தோவுக்கு கோஸ், புளி, எலுமிச்சை வாங்க வேண்டும். கேஸ் இன்னும் சொல்லவில்லை.

தம்பி முருகேசுக்கு இன்று சோறு தண்ணீர் வேண்டாம், போன் போதும். பர்மாவில் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிற ராணுவ முகாமைப் போராளிகள் பிடித்துவிட்டார்களாம். டிரோனில் எடுத்த வீடியோ. குண்டு விழுகிறது, சிப்பாய்கள் சிதறி ஓடுகிறார்கள், அடுத்த குண்டு. கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை, காட்டினான்.

"அக்கா, ஓடுறான் பாரு! நம்ம தெருவக் கொளுத்துனவன் ஓடுறான் பாரு!"

நானும் சிரித்தேன். சத்தமாகவே. அந்த முகாம்காரர்கள் சுட்டுத்தான் தம்பி மு.வின் சிநேகிதன் இவன் மடியிலேயே செத்தான். அதன் பிறகுதான் இவன் எல்லை தாண்டி, நான் வாழ்க்கைப்பட்ட இந்தக் கம்பம் ஊருக்கு வந்து சேர்ந்தான். சாகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அங்கேயே இருக்கிற அண்ணன் போனை எடுக்கவில்லை. லைன் இல்லை போல.

ஆடி 6, செவ்வாய்

மழை இல்லை. கடை வாசலில் மு. சரவெடி கொளுத்தினான். வாழைக்காய் மண்டிக்காரர் தட்டோடு நின்றிருந்தார். அவர் சட்டையில் பொறி பட்டுவிட்டது.

"ஏலே, உங்க நாட்டுச் சண்டைக்கு இங்கன எதுக்குடா வெடி? ராணுவம் இருந்தாத்தான் நாடு அடங்கும்."

சூப் கரண்டியால் மு. அவர் வாயிலேயே அடித்தான். பல் போய்விட்டது. கீழே விழுந்தவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இன்னும் அடி. நறுக்கிய கோஸ் முழுக்க ரத்தம். எல்லோருமாகப் பிடித்து இழுத்தோம்.

என் வீட்டுக்காரர் மண்டிக்காரர் காலில் விழுந்தார். "ஸ்டேசனுக்குப் போயிறாதீக. போனா இவன பர்மாவுக்கே அனுப்பிருவாக. அங்கன கொன்னுருவாக."

அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனார். புகார் கொடுக்கவில்லை, இதுவரை.

மு.வை அறைந்தேன். கை வீங்கிவிட்டது. கோஸ் அத்தனையும் குப்பையில்.

ஆடி 8, வியாழன்

பேய்க்காற்று. கடைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. அண்ணி போனில் பேசினாள்.

அண்ணன் மகன் குமரன் அந்த முகாமில்தான் இருந்திருக்கிறான்.

சந்தைக்குப் போனவனை லாரியில் ஏற்றி, மொட்டையடித்து, கையில் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனும் அண்ணியும் எங்களிடம் மறைத்துவிட்டார்கள். ராணுவத்தில் பிள்ளை இருக்கிற வீட்டோடு ஊரில் யாரும் பேசுவதில்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை இங்கிருந்து போனிலேயே பேசிப் பரப்பியவன் மு. சித்தப்பனுக்குப் பயந்து வாயை மூடியிருக்கிறார்கள்.

மு. அந்த வீடியோவைத் திரும்பப் போட்டான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். "இவன் இல்ல, இவன் குட்டை. இவனும் இல்லக்கா. குமரன் நல்லா ஓடுவான்." அப்புறம் சுவரில் மண்டையை மோதினான், மோதிக்கொண்டே இருந்தான்.

என் கையில் கோஸ் நறுக்கும் கத்தி. அவனைக் குத்திவிடலாம் என்றிருந்தது. பொய்யில்லை. நானும் சிரித்தவள்தானே என்பது பிறகுதான் உறைத்தது.

ராணுவத்தை வைத்து நாட்டை ஆளும் அந்தக் கொடுங்கோலன் ஒழிய வேண்டும், இப்போதும் சொல்வேன். குண்டு போட்டவன் கையும் அழுக வேண்டும். இரண்டையும்தான் நினைக்கிறேன், என்ன செய்ய.

முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டேன். குமரன் உயிரோடு வந்தால் கிடா.

ஆடி 10, சனி

நல்ல வெயில். கடை திறக்கவில்லை.

அண்ணன் பேசினான். முகாமில் செத்தவர்களுக்கெல்லாம் ஒரே குழி. உள்ளே தள்ளும்போது ஒரு பையன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்ததாம். பர்மாக்காரப் பிள்ளைகள் அது கட்டுவதில்லை. முகாமில் இருந்த தமிழ்ப்பிள்ளை நம் குமரன் ஒருவன்தான்.

அண்ணன் அழவில்லை. "முகாம் போனாலும் நேத்து டவுன்லருந்து ராணுவம் வீட்டுக்கு வந்துச்சு. மூத்தவன் இல்லேன்னா சின்னவன அனுப்புங்கிறான். கூட்டிட்டுப் போகத் திரும்ப வருவான். முருகேசுகிட்ட போனக் குடு."

ஸ்பீக்கரில் போட்டேன். எவன் ஆண்டால் நமக்கென்ன, சண்டை வேண்டாம் என்று இத்தனை நாளும் தம்பியைத் திட்டிய அண்ணன்.

"முருகேசு, போராளி ஆளுக உனக்குப் பழக்கந்தானே. சின்னவன அவுககிட்ட சேத்துவிடு. சாகுறதுன்னா அந்தப் பக்கம் நின்னு சாகட்டும்."

பின்னால் அண்ணி அலறுவது கேட்டது.

மு. என்னைப் பார்த்தான். "வேணாம்ணே. வேற ஏதாச்சும் சொல்லு."

"நீதானடா போராட வாங்கன்னு போன்ல எல்லார் பிள்ளையையும் கூப்பிட்ட," என்றான் அண்ணன்.

லைன் அறுந்துவிட்டது. மு. திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். போகவில்லை.