ஜெபம் முடியும்வரை யாரும் நடக்கக் கூடாது

ஹார்லெம், நியூயார்க்
11 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

வெர்னெல் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உனக்கும் அப்படித்தான் இருக்கும், ஒரே அம்மா கொடுத்த முழங்கால்.

செய்தி இதுதான். தொலைக்காட்சியில் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நேரடி ஒளிபரப்பு, ஆறு நிமிஷம். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, பக்கத்தில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. நம் நிறத்துப் பெண் ஒருத்தி தனியாக நின்று வெறும் பேச்சால் சிரிக்க வைப்பது அந்த நிகழ்ச்சியில் இதுவே முதல் தடவையாம். சொல்ல வந்தவர் நான் நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

மேக்கனை விட்டு ஓடிப்போய்க் கூடார நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது முதலாளி சொன்னதை உனக்கு எழுதியிருக்கிறேன். "பொம்பள தனியா நின்னா எவன் சிரிப்பான்? ஒரு பாட்டப் பாடிட்டு ஓரமாப் போ." பாடினேன். பாட்டு அவ்வளவு மோசம், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. அதன்பிறகு பால்டிமோர், சிகாகோ, டெட்ராய்ட் என்று நம் ஜனங்களின் கொட்டகை ஒன்று விடாமல் நின்றாகிவிட்டது.

டி.வி.க்கும், சபை வாசலில் நின்று ஜனங்களை உட்கார வைக்கிற ஊழியக்காரி வேஷத்தில்தான் போகிறேன். நீ தைத்துக் கொடுத்த வெள்ளைச் சீருடை எப்போதோ நைந்துவிட்டது. அதே காலர், அதே பொத்தான் வைத்து மறுபடி மறுபடி தைத்துக்கொள்கிறேன். வெள்ளைக் கையுறை, சவப்பெட்டிக் கடைக்காரர் சபைக்கு இனாமாகத் தருகிற அட்டை விசிறி, எல்லாம் உண்டு. வாசலில் நின்று நீங்கள் ஊழியக்காரிகள் காட்டுகிற கை அடையாளங்களை மட்டும் இதுவரை மேடையில் காட்டியதில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

உன் தெருவில் லாட்டி வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்களாமே. போய்ப் பார்.

உன் தங்கை,
வெர்னெல்

*

மேக்கன், ஜார்ஜியா
19 பிப்ரவரி 1962

வெர்னெலுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடு இருக்கட்டும். கடிதம் வந்தது. பதில் தாமதமானதற்குக் கால்தான் காரணம். வெள்ளைக்காரர்களைப் போல முன்னால் உட்கார விடும்வரை பஸ்ஸில் ஏறுவதில்லை என்று நம் ஜனங்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறைக்கு நடந்து போய் நடந்து வருகிறேன். செருப்பு தேய்கிறது, தேயட்டும்.

லாட்டி வீட்டுக்கு நான் போகப்போவதில்லை.

கொட்டகைகளில் நீ என்ன செய்தாலும் நம்மவர்கள் முன்னால் செய்தாய். வீட்டுக்குள் நடப்பது போல அது. இது வேறு. வெள்ளைக்காரர்கள் நம் சபையின் உடுப்பைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள். வாரத்தில் ஆறு நாளும் என்னை "ஏய் பொண்ணு" என்று கூப்பிடுகிற ஊர் இது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஜெபம் நடக்கும்போது வாசலில் நின்று உள்ளங்கையை உயர்த்தினால், டாக்டரும் நிற்கிறார், சபையை நிர்வகிக்கிற டீக்கனும் நிற்கிறார். ஜெபம் முடியும்வரை ஒருவரும் அடி எடுத்து வைப்பதில்லை. எனக்கு இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான். அந்த உடுப்பை நீ வேடிக்கை ஆக்கினால் அதுவும் போகும்.

உனக்கு ஊழியம் சொல்லிக்கொடுத்தவள் நான். இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையால்தான் எதுவும் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், இடது கையை அம்மாவின் சமையல் துண்டால் முதுகோடு கட்டி நிறுத்தினேன். அப்போதும் முகத்தைக் கோணிக் காட்டி ஒரு வரிசையையே சிரிக்க வைத்தாய். டீக்கன் பர்விஸ் உன்னை வாசலை விட்டு விலக்கினார். அவர் இன்னும் இருக்கிறார், இன்னும் மறக்கவில்லை. "உங்க தங்கச்சி நம்ம மானத்த நியூயார்க் வரைக்கும் கொண்டு போறாளாமே" என்று போன ஞாயிறு கேட்டார்.

நீலக் கவுன் ஒன்று போட்டுக்கொண்டு போ. சீருடையோடுதான் போவாய் என்றால் ஈஸ்டருக்கு இங்கே வர வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

ஓசெல்லா

*

ஹார்லெம்
4 மார்ச் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றது சீருடை போட்டுக்கொண்டு போனால்தானே. இன்னும் போகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நேற்று ஒத்திகை. தயாரிப்பாளர் கெஸ்லர் என்பவர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"வெர்னெல், இந்த வேலைக்காரி டிரெஸ் நல்லா இருக்கு. மேல ஒரு ஏப்ரன் கட்டிட்டா ஜனங்களுக்குச் சட்டுனு புரியும்."

"என்ன புரியும்?"

"நீங்க யாருன்னு."

"நான் யாருன்னு தெரிஞ்சுக்க எனக்கே நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, மிஸ்டர் கெஸ்லர். அவங்களுக்கு என்ன அவசரம்? அப்புறம், மிஸ் கெய்ன்ஸ்னு கூப்பிடுங்க."

ஒரு பையன் இறகுத் துடைப்பம் கொண்டுவந்து நீட்டினான். வாங்கி கெஸ்லரின் மேஜையைத் துடைத்துவிட்டு அவரிடமே கொடுத்தேன். "இப்ப உங்களுக்குப் பொருத்தமா இருக்கு." விளக்குப் போடுகிறவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஏப்ரனை விட்டுவிட்டார். ஆனால் நான் எழுதி வைத்திருக்கும் பஸ் ஜோக் வேண்டாமாம். தெற்கே சில டி.வி. நிலையங்கள் நிகழ்ச்சியை நிறுத்திவிடுமாம். "சொன்னீங்கன்னா பாதியிலயே வெளிய அனுப்பிடுவோம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

யோசித்துப் பார், அக்கா. வேலைக்காரி உடுப்பாகப் போதவில்லை என்று அவர் இதை மாற்றப் பார்த்தார். மரியாதை போய்விடும் என்று நீ மாற்றச் சொல்கிறாய். இதைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறவளுக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிற உரிமை உண்டு. வேறு எந்த உடுப்பிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. அதனால்தான் ஓடிப்போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கெஸ்லருக்காகவும் கழற்ற மாட்டேன், உனக்காகவும் கழற்ற மாட்டேன்.

காலுக்கு உப்புத் தண்ணீர் வைத்துக்கொள்.

வெர்னெல்

*

ஹார்லெம்
21 மார்ச் 1962

அக்கா,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரியும். ஊரில் யாராவது மாற்றிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சீருடையோடு போனேன். கூட்டம் முதலில் என்னை நர்ஸ் என்று நினைத்திருக்கும். மூன்றாவது நிமிஷம் என் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் பஸ் ஜோக்கை ஆரம்பித்தேன். "மழைக்கு ஒதுங்கி ஒரு வெள்ளைக்கார ஐயா எங்க சபைக்குள்ள வந்துட்டாரு. கூச்சப்பட்டு, 'நான் பின்னாடியே உட்கார்ந்துக்கறேன்மா'ங்கறாரு."

கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவன் கழுத்தை அறுப்பது போல விரலை இழுத்துக் காட்டினான். நிகழ்ச்சி நடத்துகிறவர், தலை நரைத்த பெரிய மனிதர், கையைத் தட்டிக்கொண்டே என்னை வெளியே கூட்டிப்போக வந்தார். நான் யோசிக்கவில்லை, அக்கா. விசிறி பிடித்த கை அப்படியே இருந்தது, மற்றக் கை தானாக எழும்பியது. உள்ளங்கை அவர் முகத்துக்கு நேரே.

"ஜெபம் முடியல. யாரும் நடக்கக் கூடாது."

ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். நாடு முழுக்கப் பார்த்தது. கூட்டம் அடங்கும்வரை கையை இறக்காமல் இருந்து, பிறகு முடித்தேன். "'ஐயா, பின் வரிசைய நாங்க பஸ்ஸுலயே தேய்ச்சு முடிச்சாச்சு. முன்னாடி வாங்க. முன் வரிசை எப்பவும் காலி, போதகரோட எச்சில் அங்கதான் தெறிக்கும்.'"

இன்று காலை கெஸ்லர் போன் செய்தார். இனி எந்த நிகழ்ச்சிக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்களாம், மற்ற நிலையங்களுக்கும் சொல்லியாயிற்றாம். சரி என்றேன். கொட்டகைகள் இருக்கின்றன.

உனக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. அதற்கு மட்டும்தான் வருத்தம். கையைத் தூக்கியதற்கு இல்லை.

வெர்னெல்

*

மேக்கன்
26 மார்ச் 1962

அன்புள்ள வெர்னெலுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

செவ்வாய்க்கிழமை லாட்டியின் கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே தெருவே உட்கார்ந்திருந்தது. கிளம்பினால் மரியாதையாக இருக்காது என்று ஓரமாக நின்றேன். அந்த மனிதர் ஒற்றைக் காலில் நின்றபோது லாட்டியின் கணவர் நாற்காலியிலிருந்தே விழுந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் எப்படி நின்றார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நம் சபை தெரியாது, ஜெபம் தெரியாது. கையைப் பார்த்ததும் நின்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் நடு வாசலில். போதகர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். டீக்கன் பர்விஸ் கிழக்கு வாசல் வழியாகத் தாமதமாக வந்து என் காதருகே குனிந்தார். "சிஸ்டர் ஹார்டிமன், உங்க தங்கச்சியப் பத்திச் சபைக்கு முன்னால ரெண்டு வார்த்தை பேசப் போறேன். நீங்களும் என்கூட வந்து நின்னா நல்லது." சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் கால் வைத்தார். ஜெபம் நடக்கும்போது.

நான் அவர் முன்னால் போய் நின்று கையை உயர்த்தினேன்.

அவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். விசிறிக்குப் பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் வரிசை வரிசையாக விசிறிகள் குலுங்கின. போதகரின் குரலே கொஞ்சம் தடுமாறியது. இத்தனை வருஷத்தில் என் கையைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. காதெல்லாம் சுட்டது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமென் சொல்லியாகிவிட்டது. நான் கையை இறக்கவில்லை.

"ஜெபம் முடிஞ்சிருச்சு, சிஸ்டர்" என்றார்.

"எனக்கு முடியல, டீக்கன்" என்றேன்.

திரும்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பஸ் ஓடுகிறது. முன்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன். குலுக்கல் குறைவாக இருக்கிறது.

வாக்குப் போனது போனதுதான், அதை நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நாடு முழுக்கப் பார்க்க நீ தூக்கியது இடது கை. லாட்டி வீட்டில் அது என் கண்ணில் மட்டும்தான் பட்டது என்று நினைத்தேன். நேற்று ஊழியக்காரிகள் நான்கு பேரும் தனித்தனியாக வந்து கேட்டுவிட்டார்கள், "வெர்னெலுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" என்று. என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஈஸ்டருக்கு வா. சீருடையை நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்து எடுத்து வா. கிழக்கு வாசலுக்கு ஆள் தேவைப்படுகிறது. டீக்கனுக்கு அந்த வாசல் வழியாக வருவதுதான் வழக்கம்.

வலது கை, வெர்னெல்.

உன் அக்கா,
ஓசெல்லா