குஞ்சம் வைத்த மக்கனா

ஜூன் 9, திங்கள்
கோட்டைமேட்டில் பெண்கள் தலைக்கு முக்காடாகக் கட்டும் மக்கனா விற்கும் கடை வைத்து, கொங்குநாட்டின் பாதித் தலைகளை மூடிவைத்திருக்கும் சக்கரவர்த்தி ரசாக்காகிய எனக்கு இன்று பட்டாபிஷேகம். தங்கை மெஹராஜின் மகள் இஃப்ராவுக்கு வேலை! கருமத்தம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கும் லேப். அவள் புருஷன், என் மச்சான், மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்த வீட்டில் இன்றுதான் சிரிப்புச் சத்தம்.

கடையிலேயே உசத்தியான மக்கனாவைக் கொடுத்தேன். ஜார்ஜெட், ஓரமெல்லாம் குஞ்சம். டெல்லி சுல்தான்கள் பார்த்திருந்தால் கோட்டைச் சாவியைக் கையில் கொடுத்திருப்பார்கள்.

"கொஞ்சம் நீளமுங்களே மாமா."

"உன்னையப் பார்த்து மில்லே எந்திரிச்சு நிக்கோணும் கண்ணு!"

ஜூன் 12, வியாழன்
முதல் நாள். மத்தியானமே திரும்பிவிட்டாள். மக்கனாவைப் பார்த்ததும் மேனேஜர் பவன் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். "யூனிபாரத்துல இது இல்லீங்க அம்மணி. மெஷின்ல மாட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? திங்கக்கெழமை கழட்டீட்டு வாங்க. இல்லாட்டி வேண்டாமுங்க."

மெஹராஜ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "கழட்டிப்போட்டுச் சம்பாதிக்க வேண்டாம். பொண்ணு கேட்ட பொள்ளாச்சி மாப்பிள்ளை ஊட்டுக்குச் சரின்னு சொல்லிப்போடறேன்."

இஃப்ரா மக்கனாவை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து டீக்கடையில் நானே விஷயத்தை அவிழ்த்துவிட்டேன். ஐ.நா. சபை தோற்றது. பக்கத்துக் கடை ரிஃபத், கேஸ் போடலாம் என்றான். ஒருவர் கறுப்புதான் சரி என்றார், இன்னொருவர் நீலமும் ஆகும் என்றார். மக்கனா ஊக்கை மோவாய்க்குக் கீழே குத்துவதா, காதோரமா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனையும் ஆண்கள். பாதிப்பேர் தலையில் மூடுவதற்கு ஒரு முடி கிடையாது.

வீட்டுக்குப் போனால் இஃப்ரா வாசலில் நிற்கிறாள். "டீக்கடையில இன்னைக்கு என்ற தலைப்பேச்சுத்தான் ஓடுச்சாமா, மாமா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"எல்லாரும் பேசீட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலீங்க. நீங்களுந்தான்."

ஜூன் 14
கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு
கேட்டேன். "வேலைக்குப் போகோணும். மூடீட்டுத்தான் போகோணும். ரெண்டும் வேணுமுங்க மாமா."
இவ்வளவுதானா? இதைக் கேட்கவா எனக்கு இத்தனை நாள்?

ஜூன் 16, திங்கள்
தொப்பியை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே வாக்கு வாங்கிவிட்டாள். இன்று சாதாரணப் பருத்தி மக்கனா கட்டியிருந்தாள்.

முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் சொல்லி மில்லுக்குள் போனோம். முதலாளி சென்னகிருஷ்ணனும் பவனும் மெஷின் ஓரம் நின்றிருந்தார்கள். பஞ்சு மார்கழிப் பனி மாதிரி பறக்கிறது. வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் துணி! நெற்றிவரை இறக்கிக் கட்டி, நுனியை உள்ளே சொருகி. மில்லே கொடுப்பதாம். கட்டாமல் உள்ளே விடமாட்டார்களாம்.

"சார், அவங்க கட்டியிருக்கறது யூனிபாரத்துல இருக்குதுங்களா?" என்றாள் இஃப்ரா.

"அது பஞ்சுக்குங்க," என்றார் பவன். "உங்களுது அப்படியா? அன்னைக்குக் குஞ்சம் ஊஞ்சலாடீட்டு வந்துச்சே!"

குஞ்சம். என் குஞ்சம். அந்த மில்லின் பஞ்சு மூட்டை அத்தனையையும் என் வாயில் அடைத்திருக்கலாம்.

இஃப்ரா என் பக்கம் திரும்பவே இல்லை. "அது என்ற தப்புங்க சார். ஆனா நீங்க குஞ்சத்தை வேண்டாம்னு சொல்லலீங்களே, துணியவே வேண்டாம்னீங்க." மக்கனாவின் நுனிகளை யூனிபார மேல்கோட்டுக்குள் சொருகி, பொத்தானைப் போட்டாள். "இப்ப மாட்டறதுக்கு என்ன இருக்குதுங்க?"

பவன் சுற்றிவந்து பார்த்தார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்ப்பா பவனு, இங்க தலையை மூடாம நிக்கறது நாம ரெண்டு பேருந்தான். நீ லேபுக்குப் போ அம்மணி."

திரும்பும் பஸ்ஸில் தனியாக வந்தேன். ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பஞ்சாக இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி
மெஹராஜ் வீட்டில் இருந்தபோது பொள்ளாச்சியிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா. "ஏனுங்க, பொண்ணு பார்க்க ஞாயித்துக்கெழமை வரலாமுங்களா?"

மெஹராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவ ஷிப்டுல இருக்காளுங்க," என்றாள் பிறகு. "சாயங்காலம் வந்துருவா. அவகிட்டயே கேட்டுக்குங்க."