ஆயுத பூசைத் தண்ணீரும் அமிலத் தொட்டியும்

மாப்பிளே,

இன்று எதிர் லேத் பட்டறையில் ஆயுத பூசைக்குத் தரையைக் கழுவிவிட்டார்கள். ஈர சிமெண்ட் வாசனை ஏறியதும் உங்கள் மச்சான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். கல்லாவி சந்தையிலிருந்து கர்நாடக எல்லைவரை என் மீசைக்கு மிரளாத மாடு கிடையாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு வாளித் தண்ணீருக்கு மிரள்கிறேன். சிரிக்க நீங்கள் இல்லை.

ஓசூரில் உங்கள் கம்பெனியில் நான் ஸ்டோர் பார்த்த காலம். கார்பன் நானோகுழாய்களைத் திரித்த கறுப்பு இழை, தலைமுடியைவிட மெல்லிசு. அதைச் செம்புக் கம்பிக்குப் போட்டியாக்குவது உங்கள் வெறி. "குழாய்க்குள்ள கரண்ட் குதிரையாட்டம் ஓடுது மச்சான். அடுத்த குழாய்க்குத் தாவத்தான் தயங்குது. ஆசிட்ல ஊறினா தயக்கம் குறையுது" என்பீர்கள். அது புகையும் கந்தக அமிலம். தண்ணீர் பட்டால் சீறும். நீங்கள் அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் நான் மனதளவில் அஞ்செட்டிக் காட்டுக்கே ஓடிவிடுவேன்.

அந்த வருச ஆயுத பூசைக்கு எல்லா மெஷினையும் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ஹெல்ப்பர் பையன் முனிராஜு, வாளியோடு உங்கள் அறைக்குள்ளும் நுழைந்தான்.

"இந்த ரூம் மட்டும் அழுக்கா இருந்தா சாமி ஒத்துக்குமா சார்?"

"தண்ணி வேணாம்டா!"

நீங்கள் கத்தி முடிப்பதற்குள் ஊற்றிவிட்டான். தொட்டிக்கு அடியில் ஆசிட் சொட்டியிருந்த தட்டில் தண்ணீர் தெறித்தது. ஒரு சீறல். வெள்ளைப் புகை. அவனை வெளியே தள்ளிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு நீங்கள் தொட்டியை மூட உள்ளே போனீர்கள். நான் முப்பத்து முக்கோடி தேவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பேர் தெரியாதவர்களை "யோவ்" என்றேன். மாசமாயிருந்த என் தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று மட்டும் எந்தச் சாமியும் சொல்லித் தரவில்லை.

வந்தீர்கள். சட்டைக் கையெல்லாம் பொத்தல். இடுக்கியில், தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த அந்த இழை! கழுவிக் காயவைத்து மீட்டர் வைத்ததும், "கரண்ட் தடை பாதியாயிடுச்சு மச்சான்!" என்று குதித்தீர்கள். எனக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது.

சில நாளிலேயே காற்றுப் பட்டுத் தடை மறுபடி ஏறியது. "திரும்ப ஊறப்போடணும்" என்றீர்கள், டீ குடிக்கப் போகிறவர் மாதிரி. அன்றிலிருந்து நீங்கள் உள்ளே போகும்போதெல்லாம் நான் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது ஆசிட் இல்லை. வீட்டில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்த மாரடைப்பு. இத்தனை வருசம் நான் தப்பான வாசலில் காவல் இருந்திருக்கிறேன்.

யாருக்காகப் பயந்தேனோ அவர் போயாயிற்று; பயம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. இப்போதும் தங்கச்சி போன் செய்தால், "சாப்பிட்டியாண்ணா" என்று அவள் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.